விஸ்க்ரியின் கோட்டைத் தேவாலயம்: கட்டியவர்கள் போனபின் காப்பது யார்?

ருமேனியாவின் நடுப்பகுதியில், கார்பாத்திய மலைத்தொடர் வளைத்துப் பிடித்திருக்கும் நிலம் டிரான்சில்வேனியா. அதன் தெற்கே, பிரஷோவ் மாவட்டத்துப் புனேஷ்தி ஊராட்சியைச் சேர்ந்த சிற்றூர் விஸ்க்ரி. சுமார் 400 பேர் வாழ்கிறார்கள். அகலமான தெரு, இருபுறமும் நீலமும் காவியும் பச்சையுமாகச் சுண்ணம் பூசிய வீடுகள், ஊரை ஒட்டிய மேட்டின் மேல் மதில் சூழ்ந்த வெள்ளைத் தேவாலயம். ஊரில் இன்று பெரும்பான்மை ருமேனியர்களும், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களும்தான். அந்தத் தேவாலயத்தைக் கோட்டையாக்கிய சாக்சன் ஜெர்மானியர்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே மீந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கோட்டைத் தேவாலயங்கள் டிரான்சில்வேனியாவில் ஒரு காலத்தில் ஏறக்குறைய 300 இருந்தன. பாதிக்கு மேல் இன்னும் நிற்கின்றன. அவற்றில் பியெர்தான் என்ற ஊரின் தேவாலயம் 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1999இல் விஸ்க்ரி உட்பட இன்னும் ஆறு ஊர்கள் சேர்ந்தன. இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சுவரின் பருமனையும் கோபுரத்தின் உயரத்தையும்தான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளாக இவற்றை விழாமல் வைத்திருந்தது கல் அல்ல; வருடா வருடம் தவறாமல் நடந்த ஊர் வேலை. அந்த வேலையைப் பங்குபோட்டுச் செய்த ஏற்பாடு 1990இல் ஒரே ஆண்டில் அறுந்துபோனது. அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால்தான், இன்று எந்தத் தேவாலயம் நிற்கிறது, எது சரிகிறது, ஏன் என்பது விளங்கும்.

உழவர்கள் ஏன் கோட்டை கட்டினார்கள்?

12ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹங்கேரி அரசன் இரண்டாம் கேசா தன் நாட்டின் தென்கிழக்கு எல்லையைக் காக்கவும் காட்டைத் திருத்தி உழவும் ரைன், மோசெல் ஆற்றுப் பகுதிகளிலிருந்து குடியேறிகளை அழைத்தான். இவர்களே சாக்சன்கள். அவர்கள் வந்த இடத்தில் யாருக்கும் பண்ணையாள் ஆகவில்லை. 1224இல் இரண்டாம் ஆண்டிரூ அளித்த சாசனம் அவர்களுக்குச் சொந்த நீதிபதிகளையும், தாங்களே தேர்ந்தெடுக்கும் பாதிரியார்களையும் உறுதி செய்தது. பதிலுக்கு ஆண்டுக்கு 500 மார்க் (அக்கால எடை அளவு) வெள்ளி வரி; நாட்டுக்குள் போர் என்றால் 500 வீரர்கள்; அரசனே எல்லை தாண்டிப் போரிடப் போனால் 100 பேர். அவர்கள் நிலத்தில் பிரபுக்கள் கால் வைக்க முடியாது.

இந்தச் சுதந்திரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரபு இல்லாத ஊரில் பிரபுவின் கோட்டையும் இல்லை. ஆபத்து வந்தால் ஓடி ஒளிய இடமில்லை. 1241இல் மங்கோலியர் படையெடுப்பு இதை முதலில் உணர்த்தியது. 14ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து துருக்கிய ஓட்டோமான் பேரரசின் குதிரைப்படைகள் மலைக்கணவாய் வழியே வந்து போகத் தொடங்கியபோது வேறு வழியே இல்லாமல் போனது.

அந்தப் படைகள் ஊரைப் பிடித்து ஆள வரவில்லை. ஆள், மாடு, தானியம் ஆகியவற்றை அள்ளிக்கொண்டு விரைவாகத் திரும்ப வந்தவை. கனரகப் பீரங்கிகளை இழுத்து வரவில்லை. ஒரு சிற்றூரின் முன்னால் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றுக்கு நேரமில்லை. ஆகவே சில நாள், அதிகம் போனால் சில வாரம் தாக்குப்பிடித்தால் போதும். பிரஷோவ், சிபியு போன்ற நகரங்கள் ஊரைச் சுற்றியே மதில் எழுப்பின. ஒரு சிற்றூரால் அது முடியாது. ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவைச் சுற்றி வளைக்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சுவர் வேண்டும். தேவாலயத்தை மட்டும் வளைக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கல்லால் கட்டிய ஒரே கட்டடமும் அதுதான், மேட்டில் நிற்பதும் அதுதான், எல்லோருக்கும் பொதுவானதும் அதுதான். கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது.

கணக்கு ஒன்றானாலும் ஊருக்கு ஊர் விடை வேறு. பிரஷோவுக்கு அருகில் சமவெளியில் இருக்கும் பிரெஜ்மெரில் மேடு கிடையாது. மலைக்கணவாயிலிருந்து வருபவன் முதலில் மோதுவது இந்த ஊரில்தான். அதனால் மூன்று நான்கு மீட்டர் பருமனும் 12 மீட்டர் வரை உயரமும் உள்ள வட்ட மதில் எழுப்பினார்கள். அதன் உட்பக்கம் நான்கு அடுக்காக 270க்கும் மேற்பட்ட அறைகள், மர ஏணிகளாலும் நடைகளாலும் இணைத்தவை. ஊரில் ஒரு வீட்டுக்கு என்ன எண்ணோ அதே எண்ணில் மதிலுக்குள் ஓர் அறை. முற்றுகை வந்தால் 1,600 பேர் வரை உள்ளே தங்கலாம். பிள்ளைகளின் படிப்பு நிற்கக் கூடாது என்று ஓர் அறையில் பள்ளிக்கூடமும் இருந்தது. அந்தக் கோட்டையைப் பலமுறை முற்றுகையிட்டும், 1611இல் கேப்ரியல் பாத்தோரி என்ற டிரான்சில்வேனிய இளவரசன் ஒருவனால்தான் பிடிக்க முடிந்தது.

விஸ்க்ரி இவ்வளவு பெரிய ஊர் அல்ல; கோட்டையும் அடக்கமானதுதான். மேட்டின் மேல் 1100ஆம் ஆண்டு வாக்கில் ஹங்கேரிய மொழி பேசும் செக்லர் மக்கள் கட்டிய சிறிய வெள்ளைக்கல் கோயில் ஒன்று முன்பே இருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த சாக்சன்கள் அதையே தங்கள் தேவாலயமாக ஏற்று நீட்டிக் கட்டினார்கள். மேற்கே தனியாக நின்ற காவல் கோபுரத்தைப் பின்னாளில் கோயிலோடு சேர்த்தார்கள். மணி தொங்குவது அதில்தான். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரங்களோடு மதில் எழுந்தது; 18ஆம் நூற்றாண்டில் அதற்கு வெளியே இன்னொரு தாழ்ந்த மதில். 1743க்குப் பிறகு மதிலின் உட்பக்கம் கூரை போட்ட நடை ஒன்று கட்டினார்கள். அது போருக்காக அல்ல, தானியம் வைக்க. பகைவர் பயம் குறையக் குறைய இந்தக் கோட்டை ஊரின் பொதுக் களஞ்சியமாக மாறிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம்.

களஞ்சியம்

இந்தக் கட்டடங்களின் உண்மையான ஆயுள் இந்தக் களஞ்சிய வேலையில்தான் இருக்கிறது. எதிரி நூறு ஆண்டில் சில தடவை வருவான். பன்றிக்கொழுப்பும் கோதுமையும் வருடம் 365 நாளும் உள்ளே இருக்கும்.

பல ஊர்களில் ஒரு கோபுரம் கொழுப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் வீட்டுப் பன்றியை அறுத்ததும் முதுகுப்புறக் கொழுப்பைத் தோலோடு பெரிய பாளமாக எடுத்து, உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, கோபுரத்துக்குக் கொண்டுபோய்க் கொக்கியில் தொங்கவிடுவார்கள். கோபுரம் எதற்கு? சுவர் பருமன் என்பதால் கோடையிலும் உள்ளே குளிர்ச்சி இருக்கும். அம்பு எய்யும் துளைகள் வழியே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் குறைவு. ஊரில் தீ பிடித்தாலும் இது தப்பும். மர வீடுகளும் வைக்கோல் கூரைகளும் இருந்த காலத்தில் தீ ஓட்டோமான் படையைவிட அடிக்கடி வந்த விருந்தாளி. கொழுப்பு கெடுவதற்குக் காரணமான வெப்பம், வெளிச்சம், ஈ மூன்றையும் அந்தக் கோபுரம் ஒரே இடத்தில் தடுத்தது.

ஒவ்வொரு பாளத்திலும் வீட்டு எண்ணோ குறியோ முத்திரையாகக் குத்தியிருக்கும். வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், காவலர் கதவைத் திறப்பார். வீட்டுக்காரர் தம் பாளத்திலிருந்து ஒரு வாரத்துக்கு வேண்டியதை வெட்டிக்கொள்வார். வெட்டிய முகத்தில் மறுபடியும் முத்திரை குத்தப்படும். இடையில் யாராவது ஒரு துண்டு நறுக்கினால் அடுத்த வாரம் அந்த முகத்தில் முத்திரை இருக்காது. திருட்டு உடனே தெரிந்துவிடும். பூட்டை நம்பாமல் வெட்டுமுகத்தை நம்பிய ஏற்பாடு இது. இந்தப் பழக்கம் எல்லா இடத்திலும் அழிந்துவிடவில்லை. ஹார்கிதா மாவட்டத்துத் தர்ஜியு ஊரில், செக்லர்களின் யூனிட்டேரியன் (திரித்துவத்தை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) தேவாலயக் கோட்டையில், கொழுப்பையும் தானியத்தையும் உள்ளே வைக்கும் வழக்கம் நம் காலம் வரை தொடர்கிறது. 1419ஆம் ஆண்டுச் சுவரோவியம் ஒரு பக்கம், புகைமணம் வீசும் பன்றிக்கொழுப்பு ஒரு பக்கம்.

தானியத்துக்குப் பெட்டிகள். மரத்தை அறுக்காமல் பிளந்தெடுத்த பலகைகள், இரும்பு ஆணிக்குப் பதில் மர முளைகள், நான்கு மூலையிலும் தடித்த கால்கள், கூரை போன்ற மூடி. பிரதேனி என்ற ஊரின் தேவாலய மேல்தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் அப்படியே கிடைத்தன. பிளந்த பலகையில் மரத்தின் நார் அறுபடாமல் முழு நீளத்துக்கும் ஓடுவதால், மெல்லியதாக இருந்தாலும் கோணாமல் வலுவாக நிற்கும். காலின் உயரம் ஈரத்தையும் எலியையும் தள்ளி வைக்கும்.

இதில் கட்டடத்துக்கு என்ன லாபம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்தின் சோறும் அந்தக் கூரையின் கீழ் இருந்தது. ஓர் ஓடு நழுவினால் யாரோ ஒருவருடைய கோதுமை நனையும். அந்த வாரமே கூச்சல் கிளம்பும். அடுத்த நாள் ஓடு மாற்றப்படும். தேவாலயத்தைப் பாரம்பரியச் சின்னம் என்று யாரும் காக்கவில்லை. அவரவர் தானியத்தைக் காத்தார்கள். கூரை தானாகக் காக்கப்பட்டது.

தெருவே அமைப்பு

வேலையைப் பங்குபோட்டது அண்டைக்கூட்டம் என்ற அமைப்பு. தெருவில் அடுத்தடுத்து இருக்கும் வீடுகள் ஒரு கூட்டம். கல்யாணம் ஆனதும் ஆண் அதில் உறுப்பினராக வேண்டும். விருப்பம் இருந்தால் சேரலாம் என்பதல்ல. தலைவரை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். கூட்டத்தின் கணக்கும் விதிகளும் பணமும் ஒரு மரப்பேழையில் தலைவர் வீட்டில் இருக்கும். செய்தி சொல்ல வேண்டுமானால் செதுக்கிய மரப்பலகை ஒன்று வீடு வீடாகக் கைமாறிப் போகும். யார் வீட்டில் அது தங்கிப்போகிறதோ அவருக்கு அபராதம்.

சாவு வந்தால் குழி வெட்டுவது, பிணம் சுமப்பது, புதுவீட்டுக்கு உத்தரம் ஏற்றுவது, கிணறு தூர்வாருவது, தீ அணைப்பது, மதிலையும் கூரையையும் செப்பனிடுவது எல்லாம் இந்தக் கூட்டத்தின் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு நாள், தவக்காலத்தை ஒட்டி, கணக்குத் தீர்க்கும் கூட்டம் நடக்கும். வேலைக்கு வராதவர், பிந்தி வந்தவர், அண்டை வீட்டாரோடு சண்டையிட்டுச் சமாதானம் ஆகாதவர் எல்லாரும் அன்று அபராதம் கட்டிக் கைகுலுக்கியாக வேண்டும். அபராதப் பணத்தில் அன்றைக்கே மதுவும் விருந்தும். கல்யாணம் ஆகாத இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இதே மாதிரி தனித்தனிக் கூட்டங்கள் உண்டு.

கோட்டைக்கென்று ஒரு காவலரும் குடும்பத்தோடு மதிலை ஒட்டி வாழ்வார். மணி அடிப்பது, கதவு திறப்பது, மழைக்குப் பிறகு கூரையின் கீழ் ஒரு சுற்று வந்து எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது அவர் வேலை. இந்தக் கடைசி வேலையின் மதிப்பு அவர் இல்லாமல் போனபிறகுதான் தெரிந்தது.

மதிலுக்கு வெளியே

இதை ஒரு பொற்காலமாகச் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அண்டைக்கூட்டம் சாக்சன்களுக்கு மட்டுமே. 1437இல் ஹங்கேரிய பிரபுக்கள், செக்லர்கள், சாக்சன்கள் மூவரும் செய்த உடன்படிக்கைதான் டிரான்சில்வேனிய ஆட்சிக்கு அடித்தளம் ஆனது. அதில் ருமேனியர்களுக்கு இடமில்லை. சமயத்திலும் அப்படித்தான். பிரஷோவ் அறிஞர் ஜோஹன்னஸ் ஹொன்டெரஸின் முயற்சியால் 1540களில் சாக்சன்கள் கத்தோலிக்கத்தை விட்டு லூத்தரன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவ வழிக்கு மாறினார்கள். 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கம், லூத்தரன், கால்வினியம், யூனிட்டேரியன் நான்கும் ஏற்கப்பட்ட சமயங்கள் ஆயின. ருமேனியர்களின் ஆர்த்தடாக்ஸ் சமயம் பொறுத்துக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். சாக்சன் நிலத்தில் மற்றவர்கள் சொத்து வாங்கும் உரிமை 1781இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்தில்தான் வந்தது.

ஊரின் அமைப்பிலேயே இது தெரியும். தெருவின் நடுவில் சாக்சன் வீடுகள். வீட்டின் ஒடுங்கிய முகப்பு தெருவைப் பார்க்கும். பெரிய கதவுக்குப் பின்னால் நீண்ட முற்றம். முற்றத்தின் கடைசியில் குறுக்கே நிற்கும் களஞ்சியக் கொட்டகை. அதற்குப் பின்னால் காய்கறித் தோட்டமும் பழமரங்களும். ருமேனியர் வீடுகள் ஊர் ஓரத்தில். ஆடு மேய்ப்பது பெரும்பாலும் அவர்கள். ரோமா குடும்பங்கள் அதற்கும் அப்பால், ஓடைக்கரையில். கொல்லர் வேலை, செங்கல் அறுப்பது, ஓடு சுடுவது, மாடு மேய்ப்பது, கல்யாணத்தில் வாசிப்பது அவர்கள் தொழில்கள். ஒரு ஊரில் மூன்று நான்கு மொழிகள் புழங்கின. பலருக்கு எல்லாம் வரும். ஒருவரில்லாமல் ஒருவர் வாழவில்லை. ஆனால் கணக்குத் தீர்க்கும் நாளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒரு சாரார் மட்டும்தான். தேவாலயக் கூரையின் ஓடுகள் ரோமாக்கள் சுட்டவையாக இருக்கலாம். அந்தக் கூரையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவர்களிடம் இருந்ததில்லை.

போனவர்கள்

1945 ஜனவரியில் ருமேனியாவின் ஜெர்மானியர்களில் சுமார் 70,000 பேர் சோவியத் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கட்டாய உழைப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆண்கள் 17 முதல் 45 வயது, பெண்கள் 18 முதல் 30. அவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் டிரான்சில்வேனிய சாக்சன்கள். பலர் திரும்பவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த நிலச்சட்டம் அவர்களின் நிலங்களைப் பறித்தது. நிலம் இல்லாத ருமேனிய, ரோமா குடும்பங்கள் தெருவின் நடுவீடுகளுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தார்கள். 1950களில் பலருக்கு வீடு திரும்பியது. நிலம் கம்யூனிஸ்ட் அரசின் கூட்டுப்பண்ணைக்குப் போனது. களஞ்சியத்தில் வைக்கத் தானியம் இல்லாமல் போன நாளிலிருந்து தேவாலயக் கூரைக்கும் வீட்டுச் சோற்றுக்கும் இருந்த தொடர்பு தளர்ந்தது.

1978இல் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட்டும் ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேறலாம். தலைக்கு இவ்வளவு என்று ஜெர்மனி பணம் கட்டும். 1989 டிசம்பரில் சௌஷெஸ்கு வீழ்ந்ததும் அணை உடைந்தது: 1990 என்ற ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் ருமேனியாவை விட்டுப் போனார்கள். 1930 கணக்கெடுப்பில் ருமேனியாவில் 7,45,000 ஜெர்மானியர், 1977இல் 3,59,000, 1992இல் 1,19,000, 2021இல் 23,000க்கும் குறைவு. பல ஊர்களில் மரப்பேழையும் சபைப் பதிவேடும் ஆவணக்காப்பகத்துக்குப் போயின. தேவாலயச் சாவி பக்கத்து வீட்டு ருமேனியப் பெண்ணிடமோ ரோமா குடும்பத்திடமோ கொடுக்கப்பட்டது. கட்டடத்தின் உரிமை சிபியுவில் தலைமையகம் உள்ள லூத்தரன் திருச்சபையிடம் இருக்கிறது. நூற்றைம்பது கோட்டைகளின் பாரம், சுருங்கிப்போன ஒரு சபையின் தோளில்.

எங்கே பிடிக்கிறது நோய்

இத்தகைய கட்டடம் சாவது எப்போதும் மேலிருந்து கீழாக. கூரையில் போட்டிருப்பது நுனி வளைந்த தட்டோடு. பின்பக்கம் உள்ள சிறு மூக்கால் ரீப்பர் கட்டையில் தொங்கும். இரண்டு அடுக்காக மேலேறி அமர்வதால் ஒரு சதுர மீட்டருக்கு 35 முதல் 40 ஓடு பிடிக்கும். 300 சதுர மீட்டர்க் கூரைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். பனி உருகும்போது அதன் எடையோடு சில ஓடுகள் சறுக்கும். உறைபனியில் சில பிளக்கும். வசந்தத்தில் ஒரு தடவையும் குளிர் தொடங்குமுன் ஒரு தடவையும் ஏறிப் பார்த்து இருபது முப்பது ஓடு மாற்றினால் கூரை தலைமுறைகளுக்கு நிற்கும். பார்க்காமல் விட்டால்? சொட்டும் நீர் நேரே கைமரத்தின் அடிநுனிக்கு வரும். கைமரம் சுவர்த்தலையில் கிடத்திய மரத்தோடு சேரும் அந்த இடம் சுவருக்குள் புதைந்து காற்றோட்டம் இல்லாமல் இருக்கிறது. அங்கே பூஞ்சை பிடித்தால் வெளியே தெரியாது. மரம் இற்றதும் கூரையின் பாரம் கீழ்நோக்கி இறங்காமல் சுவரை வெளிப்பக்கம் தள்ளத் தொடங்கும். முதலில் ஐம்பது ஓட்டுச் செலவு. பத்து ஆண்டில் தச்சர் கூட்டத்தின் செலவு. இருபது ஆண்டில் சுவரே.

கோபுரத்துக்கு வேறு நோய். பருமனான சுவர் முழுக்க ஒரே கட்டு அல்ல. வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் கல்லும் உடைசலும் சுண்ணாம்புக் காரையும் கொட்டிய நிரப்பு. மேலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தக் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பிடிப்பு இழந்த நிரப்பு கீழே அமர்ந்து இரண்டு தோலையும் வெளியே நெட்டும்; செங்குத்தான விரிசல் விழும்; குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் நீர் உறைந்து விரிந்து அதை அகலமாக்கும். பனி இளகும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஆபத்தானவை. 2016 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு கோட்டைத் தேவாலயங்களில் கோபுரங்கள் சரிந்தன: ஒன்று ரோவதெஷ், மற்றது ரோட்பாவ். ரோவதெஷ் விஸ்க்ரி இருக்கும் அதே புனேஷ்தி ஊராட்சி ஊர்தான். உலகமே வந்து பார்க்கும் ஊருக்குப் பக்கத்து ஊர்.

விரிசல் வளர்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். விரிசலின் குறுக்கே ஜிப்சத்தால் ஒரு சிறு பட்டை பூசி அதில் தேதி எழுதி வைத்தால் போதும். பட்டை உடைந்தால் சுவர் நகர்கிறது. உடையாவிட்டால் அது பழைய விரிசல்.

மூன்றாவது நோய் மனிதர் செய்தது. கடந்த நூற்றாண்டில் சுவரின் அடிப்பகுதி உதிர்வதைக் கண்ட பலரும் சிமெண்டால் பூசினார்கள். மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகி வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். சிமெண்ட் முடியும் கோட்டுக்கு மேலே உப்புப் பூத்துக் கல்லையே தின்னும். சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுக்கத் திறந்து விடுவதுதான் முதல் மருந்து. பிறகு நீற்றி, குழியில் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஒரு தடவைக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பூசக் கூடாது, தடித்தால் வெடிக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதுவும் மெதுவாக. ஆகவே மே முதல் செப்டம்பர் வரைதான் பூச்சு வேலை. அக்டோபர் கடைசியில் பூசினால் இறுகுமுன் உறைபனி பிடித்து வசந்தத்தில் தகடு தகடாக விழும். அரசு நிதி ஆண்டுக் கடைசியில் வந்து, செலவழித்தே தீர வேண்டும் என்ற அவசரத்தில் குளிரில் பூசப்பட்ட சுவர்கள் இப்படித்தான் வீணாகின்றன.

சாவி இப்போது யார் கையில்

விஸ்க்ரி தப்பியதற்குக் காரணம் தேவாலயத்தை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு தொங்காததுதான். பழைய ஊர்களைக் காக்கும் மிஹாய் எமினெஸ்கு அறக்கட்டளை இங்கே ஊர் முழுவதையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டது. வீட்டு முகப்பு, கொட்டகை, வாய்க்கால், மதில் எல்லாவற்றையும் ஊர்க்காரர்களையே கொத்தனாராகவும் தச்சராகவும் பழக்கிச் செய்ய வைத்தது. செங்கல்லும் தட்டோடும் ஊரிலேயே கையால் அறுத்து விறகுச் சூளையில் சுடப்படுகின்றன. ஆலை ஓடு தட்டையாக, ஒரே நிறமாக இருக்கும். பழைய ஓடுகளின் நடுவே சரியாக உட்காராது. கையால் செய்ததுதான் இடைவெளி விடாமல் சேரும். அந்தக் கைப்பழக்கம் ரோமா குடும்பங்களிடம்தான் மிஞ்சியிருந்தது. ஓடைக்கரையில் தள்ளி வைக்கப்பட்டவர்களின் தொழில் இல்லாமல் இன்று இந்தக் கூரையைப் பழுது பார்க்கவே முடியாது.

1999இல் ஊர்ப் பெண்கள் உள்ளூர் ஆட்டுரோமத்தில் காலுறை பின்னி ஜெர்மனிக்கு விற்கத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் கையில் காசு வர அதுவே பல வீடுகளுக்கு முதல் வழி. 2006இல் அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் இங்கே ஒரு பழைய வீட்டை வாங்கியதும் ஊரின் பெயர் எங்கும் பரவியது. விருந்தினர் விடுதிகள் வந்தன. தேவாலய நுழைவுக் கட்டணத்தால் பராமரிப்புக்குத் தொடர்ச்சியாக ஒரு வருமானம் உண்டு. களஞ்சியம் போனபின் கட்டடத்துக்கும் பிழைப்புக்கும் மறுபடி கிடைத்த முதல் இணைப்பு அது. கூடவே வீட்டு விலையும் ஏறியது. உள்ளூர் இளம் தம்பதிக்குத் தெருவில் வீடு வாங்கக் கட்டுபடியாகவில்லை என்றால், கோடையில் நிறைந்து குளிரில் பூட்டிக் கிடக்கும் ஊராக இது மாறும். மாடு மாலையில் தெரு வழியே தானாக வீடு திரும்பும் காட்சியைப் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள். மாடு வளர்ப்பவர் குறைந்துகொண்டே போகிறார்.

பெயர் பெறாத ஊர்களின் நிலை வேறு. அங்கே அவசர சிகிச்சைதான். 2016இல் கட்டடக்கலைஞர் எவ்ஜென் வைதா தொடங்கிய 'நினைவுச்சின்னங்களுக்கான ஆம்புலன்ஸ்' கருவிகளோடு ஒரு வண்டியை ஊருக்கு அனுப்புகிறது. தன்னார்வ மாணவர்களும் கைவினைஞர்களும் சில நாள் தங்கி, சரியும் கூரையைத் தாங்கல் கொடுத்து நிறுத்தி ஓடு மாற்றிவிட்டுப் போகிறார்கள். 2020இல் ஐரோப்பியப் பாரம்பரிய விருதும் கிடைத்தது. அருமையான வேலை. ஆனால் வண்டி போனபின் அடுத்த வசந்தத்தில் ஏணி போட்டு ஏறுவது யார் என்ற கேள்வி ஊரில்தான் தங்கிவிடுகிறது.

சாவி வைத்திருப்பவரே அதற்குப் பதில் என்று படுகிறது. பல ஊர்களில் அவர் லூத்தரனும் அல்ல, சாக்சனும் அல்ல. எப்போதாவது வரும் பயணிக்குக் கதவு திறந்து கொடுக்கும் பொறுப்பு மட்டும் அவருக்கு உண்டு. ஒரே ஒரு ஓடு வாங்கவும் சிபியுவிலிருந்து அனுமதி வரக் காத்திருக்க வேண்டும். அவருக்கு ஒரு மாதச் சம்பளம், கொட்டகையில் இருநூறு தட்டோடு, ஒரு குழிச் சுண்ணாம்பு, நல்ல ஏணி, விரிசல் பட்டைகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, சிறு தொகையைக் கேட்காமல் செலவழிக்கும் எழுத்துப்பூர்வமான அதிகாரம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஒரு கோபுரத்தை மறுபடி எழுப்பும் செலவில் பல ஊர்களைப் பல ஆண்டு காக்கலாம். ருமேனியரும் ரோமாக்களும் உட்காரும் ஊர்க்குழு ஒன்று ஆண்டுக்கொரு முறை அந்த நோட்டைப் பார்த்து, எந்த வேலை யாருக்கு, கூலி எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். பழைய மரப்பேழை செய்த வேலைதான். இந்த முறை மேசையில் எல்லாருக்கும் நாற்காலி.